ஜப்பான் துரை கேட்ட சிரசு

சுங்கைப்பட்டாணியில் நான் கடைசியாக வேலை பார்த்த ஓட்டலில் போன மாதம் ஒரு புதுப் பெட்டி வாங்கினார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு. வைன் பாட்டில்களுக்கு மட்டும் தனிக் குளிர்பெட்டியாம். அதைத் திறந்து வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஓட்டலின் மதுக்கிடங்குச் சாவி என் இடுப்பில் தொங்கிய காலத்தில், "பொம்பளைக்கு இது ஒரு பொழப்பா?" என்று கேட்காத வாய் கிடையாது. இப்போது அதே இடத்தில் எனக்கு மாலை. விடுவேனா? வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

பாரில் வேலை செய்யும் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏம்மா, ஒங்க காலத்துல பிரிட்ஜே இல்லையே லா. வைனை எப்படி வெச்சிருந்தீங்க?"

"மணல்லயும் ஈரச் சாக்குலயும்தான்."

"மொதமொதல்ல பரிமாறின பாட்டில் ஞாபகம் இருக்கா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கேக் தின்றுகொண்டிருந்தார். அதை மறந்தால் நான் மனுஷியே இல்லை. ஆனால் அங்கே நின்றபடி சொல்லி முடிகிற கதையா அது? அதனால்தான் எழுதுகிறேன்.

செர்டாங்கிலிருந்து பண்டார் பாரு போகும் வழியில் இருந்த ரப்பர் தோட்டத்துக்குக் கல்யாணம் கட்டி வந்தேன். வந்த புதிதில் பால்வெட்டுக்குத்தான் போனேன். எங்களை மேய்க்கும் மண்டோருக்கு என் வாய் பிடிக்கவில்லை, மண்டோரின் வாய் எனக்குப் பிடிக்கவில்லை. இவளை எங்காவது தொலைத்தால் போதும் என்று வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் பாத்திரம் கழுவ அனுப்பினார்கள். பாத்திரத்திலிருந்து அடுப்பு, அடுப்பிலிருந்து மேசை. மூன்றாம் தீபாவளிக்குள், துரையின் மது பாட்டில்கள் இருந்த மணல் அறைக்குள் போகும் உரிமை வந்துவிட்டது. அந்தப் பங்களாவில் அதுதான் பெரிய பதவி.

அங்கே எங்களுக்கு மேலாள் மருதை பட்லர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, செருப்பில்லாத கால், நடந்தால் தரைக்கே தெரியாது. அவர் யாரையும் திட்டமாட்டார். தப்பு செய்தால் நம் எதிரில் வந்து நின்று, கூரையைப் பார்ப்பார். நாம் தப்பைக் கண்டுபிடித்துச் சரி செய்கிற வரைக்கும் கூரையைத்தான் பார்ப்பார். நாலு அறை வாங்கினாலும் தேவலை, அந்தக் கூரைப் பார்வையைத் தாங்க முடியாது. என்னை நீ, வா, போ என்பார். பாட்டில்களைப் பற்றி மட்டும் மரியாதை குறையாமல்தான் பேசுவார்.

"மெதுவா நட பாக்கியம். அவங்க படுத்திருக்காங்க."

அவங்க என்றால் சிவப்பு வைன். துரையின் தம்பிக்கு ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடலோரத்தில் திராட்சைத் தோட்டம் இருந்தது. வருஷா வருஷம் அங்கிருந்து கப்பலில் மரப்பெட்டிகள் வரும். அந்தக் கரையில் கடற்காற்று பல் கிட்டுகிற குளிராம். பழம் அவசரப்படாமல் பழுக்குமாம். அதனால்தான் அந்த வாசனை என்று துரை விருந்தாளிகளிடம் சொல்வார், பட்லர் எனக்குத் தமிழில் சொல்வார். பெட்டியின் பக்கவாட்டில் சுட்டு எழுதியிருந்த பெயர் ஷிராஸ். பட்லர் வாயில் அது சிரசு ஆனது. "குடிச்சா நேரா சிரசுக்கு ஏறுதில்ல, பொருத்தமான பேருதான்" என்பார். அடுப்படி முழுக்க அதைச் சிரசு என்றே சொன்னோம்.

அந்த வைனை அவரும் குடித்ததில்லை, நானும் குடித்ததில்லை. முகர்ந்து பார்ப்பதோடு சரி. முதல் தடவை முகர்ந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிளகு! சத்தியமாக மிளகு. ரசத்துக்கு அம்மியில் தட்டும்போது மூக்கில் ஏறுமே, அதே மிளகு. அதற்குப் பின்னால் நாவற்பழம். கடைசியில் லேசாக, ரப்பர் ஷீட் தொங்குகிற புகைவீட்டு வாசனை. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தது நம்ம வீட்டு வாசனையோடு வந்திருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

மணல் அறை பங்களாவுக்கு அடியில், மேட்டைக் குடைந்து கட்டிய செங்கல் அறை. பாட்டில்களை மணலில் படுக்க வைத்து, மேலே சாக்கு விரித்து, ஓடைத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, ஓடைத் தண்ணீர்தான் குளிர்ச்சி. வெயில் ஏறிய பிறகு கதவைத் திறக்கக் கூடாது. தக்கை மூடி கழுத்துக்குச் சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். "மூடி தலை தூக்கியிருந்தா, அவங்க வெயில் குடிச்சிட்டாங்கன்னு அர்த்தம். ஒதுக்கிடு" என்பார் பட்லர். விருந்துக்கு முந்தின நாளே பாட்டிலை எழுப்பி நிற்க வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். பிறகு கழுத்துக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல், கண்ணாடிக் குடுவையில் ஊற்ற வேண்டும். வண்டலின் கறுப்பு கழுத்துக்கு வந்ததும் டக்கென்று நிமிர்த்திவிட வேண்டும். நான் தெரிந்துகொண்ட வித்தை இவ்வளவுதான். பின்னாளில் எத்தனையோ ஓட்டல்களில் இதை வைத்தே பேர் வாங்கினேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று செய்தி வந்ததும் துரை காரில் சாமான் ஏற்றினார். போகும்போது, "ஒரு சொட்டு சாராயம் அவன் கையில் சிக்கக் கூடாது, எல்லாவற்றையும் உடை" என்று பட்லரிடம் சொன்னார். உடைத்தோம். விஸ்கியும் பிராந்தியும் சாக்கடைக் கானில் ஓடின. அதைக் குடித்துவிட்டுப் பங்களாக் கோழிகள் தள்ளாடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரசிடம் வந்ததும் பட்லரின் கை நின்றுவிட்டது.

"இவங்கள என்னால முடியாது பாக்கியம்."

மணலை மேலே இழுத்து மூடி, அதன்மேல் விறகை அடுக்கினோம். பட்லர் துரையோடு காரில் ஏறித் தெற்கே போனார். மூடி திறக்கும் திருகை மட்டும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அதை அவர் யாரிடமும் கொடுத்ததே இல்லை. எங்கே போனார், என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்ல மனுஷன்.

பங்களாவுக்கு ஜப்பான் துரை ஒருவர் வந்தார். குள்ளம், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, எங்களிடம் உடைந்த மலாயில் பேசுவார். குனிந்து வணங்க ஒரு கணம் தாமதித்தால் கன்னத்தில் விழும். நான் பழையபடி அடுப்படியில் இருந்தேன். காலியான சிரசுப் பெட்டி ஒன்றில் கரி போட்டு வைத்திருந்தேன்.

பிறகு சயாம் லாரிகள் வந்தன. ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஆண்களை வளைத்துக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. எங்கள் வீட்டுக்காரரையும் ஏற்றினார்கள். அவர் வழியில் லாரியிலிருந்து குதித்து, ரப்பர் காட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து, வரிசை வீடுகள் இருந்த எங்கள் லயத்துக்கே திரும்பி வந்துவிட்டார். வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "என் பொண்டாட்டி சமையலைச் சாப்பிட வந்தேன்" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசியிருக்கிறார். மறுநாள் காலையில் பிடித்து, அடித்து, சாமான் ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

அன்று காலை நான் அழுதுகொண்டேதான் அடுப்பு மூட்டினேன். ஜப்பான் துரை அடுப்படிக்குள் வந்தார். கரிப் பெட்டியைப் பார்த்தார். குனிந்து, கரித்தூளைக் கையால் துடைத்து, எழுத்தைப் படித்தார். அந்த ஆள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்படியே ஆபீசுக்குப் போய்விட்டார். என் கவலை எனக்கு, அவர் எதற்குச் சிரித்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

லயத்துக்குத் திரும்பிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கிராணி ஓடி வந்தார். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுபவர், ஜப்பான் துரை மலாயில் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்பவரும் அவர்தான். காலையில் தேவாரம் பாடாமல் பேனாவைத் தொடமாட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பாக்கியம், மனச தைரியமா வெச்சுக்கம்மா. நாளைக்கி மத்தியானம் பெரிய ஜப்பான் துரை வர்றாராம். அவருக்கு… ஒரு சிரசு வேணுமாம்."

"என்னா வேணும்?"

"தலை, மா! தலை! 'சத்து சிராசு', ஒரு சிரசுன்னு சொன்னான். பாவி, தமிழ்ல அந்த ஒரு வார்த்தைய மட்டும் கத்துக்கிட்டிருக்கான். கழுத்துல கைய வெச்சு இப்படி வெட்டியும் காட்டினான்."

டவுனில் தலையை வெட்டிக் கம்பத்தில் வைத்த காலம் அது. பிடிபட்டு ஸ்டோரில் கிடப்பது ஒரே ஆள். யார் தலை என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். நூறு தடவை என் வாயாலேயே சொன்ன சொல்தான் அது. பயத்தில் என் காதிலும் அது தலையாகத்தான் விழுந்தது. மண்ணில் உட்கார்ந்து என் தாலியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படியே செத்திருப்பேன். ஆனால் எதையும் முழுசாகக் கேட்காமல் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"வேற என்னா சொன்னான்? ஒண்ணு விடாம சொல்லுங்க கிராணி."

"அதையெல்லாம் எதுக்கும்மா கேக்குற?"

"சொல்லுங்க!"

"செஜூக்கா இருக்கணும்னான். ரெண்டு தரம் சொன்னான். மேசைக்கு வரும்போது சில்லுனு இருக்கணுமாம்."

"மேசைக்கா?"

"மேசைலதான் வெக்கணுமாம். ஆட்டாம கொண்டு வரணுமாம்."

சுற்றி நின்றவர்கள் இன்னும் பலமாக ஒப்பாரி வைத்தார்கள். என் அழுகை மட்டும் நின்றுவிட்டது. தலைக்கு எதற்குக் குளிர்ச்சி? ஆட்டினால் தலைக்கு என்ன வந்துவிடும்? கரிப் பெட்டி ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பாக்கியத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா என் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

"அது நம்ம சிரசு இல்ல கிராணி. துரை வீட்டு சிரசு. பாட்டில்!"

கிராணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்ப தலை தப்பிச்சுதா?"

"தலை தப்பிச்சுது. ஆள் இன்னும் தப்பிக்கலையே."

அதுதான் உண்மை. பெரிய துரையோடு ஒரு லாரியும் வருகிறது, ஸ்டோரில் இருப்பவரை, புதிதாகப் பிடிக்கும் ஆட்களோடு அதில் ஏற்றி மறுபடி சயாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கிராணியே சொன்னார். ஓடிப் பிடிபட்டவனை அங்கே என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். என் கையில் இருந்தது மண்ணுக்குள் கிடந்த பாட்டில்கள் மட்டுமே. இதை வைத்து அவரை மீட்காவிட்டால் நான் என்ன பட்லரிடம் வேலை பார்த்தவள் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

மணல் அறை வறண்டு கிடந்தது. மேல் வரிசை எல்லாம் போச்சு. மூடிகள் தலை தூக்கி, கழுத்தில் பிசுபிசு என்று வழிந்திருந்தன. அந்த வாடை காடி வாடை. கையால் மணலைத் தோண்டி அடி வரிசைக்குப் போனேன். சுவரில் ஊறிய ஈரம் அவர்களைக் காப்பாற்றியிருந்தது. ஒவ்வொரு மூடியாகத் தடவி, சமமாகவும் உலர்ந்தும் இருந்த ஒன்றை எடுத்தேன். ஓடைத் தண்ணீர் நிரப்பிய மண்பானையில் அதை நிற்க வைத்து, ஈரத்துணி சுற்றினேன். அப்போதுதான் திருகு இல்லை என்பது உறைத்தது. பட்லர் கொண்டு போய்விட்டாரே!

முதலில் தலையில் கை வைத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், எனக்கு வழி காட்டியதே அந்தத் திருகு இல்லாததுதான்.

மறுநாள் மத்தியானம் பெரிய துரை வந்து உட்கார்ந்தார். வெளியே லாரி நின்றது. நான் பாட்டிலை ஆட்டாமல் கொண்டுபோய் மேசையில் வைத்து, இடுப்பு வளையக் குனிந்தேன். எங்கள் ஜப்பான் துரை பாட்டிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். பாட்டிலின் கழுத்தில் கையால் வெட்டிக் காட்டினார். திற என்று அர்த்தம். கிராணி பார்த்து நடுங்கிய அதே வெட்டு!

நான் மலாயில் சொன்னேன். "திருகு இல்லை துவான். என் புருஷன் கையாலதான் திறக்க முடியும். ஸ்டோர்ல இருக்காரு."

துரையின் முகம் இறுகியது. அறை விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பெரிய துரை ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார். ஒரு சிப்பாய் ஓடினான்.

எங்கள் வீட்டுக்காரர் முகம் வீங்கிப் போய் வந்தார். அவர் கையில் மரத்தில் முடுக்கும் ஒரு திருகாணியையும் குறட்டையும் கொடுத்தேன்.

"என்னாடி இது? என் தலைய எடுக்கப் போறாங்கன்னு சிப்பாயிங்க கைய காட்டினானுங்களே?"

"இதான் அந்தத் தலை. திருகி, கழுத்த புடிச்சு நேரா இழுங்க. உலுக்குனீங்கன்னா நானே ஒங்கள லாரில ஏத்திடுவேன்."

அவர் திருகினார். குறட்டால் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். மூடி முனகியபடி மேலே வந்தது. மெழுகுவத்தி கிடைக்காத காலம், பூசை விளக்கைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். ஜப்பான்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் நிறுத்தாமல் ஊற்றினேன். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிமிர்த்தினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. மருதை பட்லர் இருந்திருந்தால் அன்று கூரையைப் பார்த்திருக்க மாட்டார்.

பெரிய துரை மூக்கைக் கோப்பைக்குள் விட்டார். மெதுவாகக் குடித்தார். ஒரு சொல் சொன்னார். எங்கள் துரை குழந்தை மாதிரி கை தட்டி, எனக்கு மலாயில் சொன்னார்.

"லாடா! லாடா!"

மிளகு! மிளகு உயிரோடு இருக்கிறது! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடக்கிக்கொண்டு குனிந்தேன்.

"ஆடா லாகி?" இன்னும் இருக்கிறதா என்று கேட்டார் எங்கள் துரை. போர் வருமுன் கப்பலில் மேசைப் பணியாளாக இருந்தாராம், அப்போது இந்த வைனை ஊற்றித்தான் கொடுத்திருக்கிறாராம், யாரும் அவருக்கு ஒரு வாய் கொடுத்ததில்லையாம். பெரிய துரையிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு என்னிடமும் சொன்னார். அடப்பாவி, நீயும் நம்ம ஆளா என்று நினைத்துக்கொண்டேன். பயம் பாதி போய்விட்டது.

"இருக்கு துவான். ஆனா விடாம ஓடைத் தண்ணி சுமந்து ஊத்தணும். அது இவருக்குத்தான் தெரியும். இவர சயாமுக்கு அனுப்பிட்டா எல்லாம் சுக்கா ஆயிடும்."

சுக்கா என்றால் காடி. "சுக்கா!" என்று அவர் பதறிப்போனார். தலை போகிறது என்றபோது நாங்கள் பதறினோமே, அதற்குக் குறையாத பதற்றம். பெரிய துரையிடம் ஏதோ பேசினார். சிப்பாய் எங்கள் வீட்டுக்காரரின் தோளிலிருந்து கையை எடுத்தான். லாரி அவர் இல்லாமல் புறப்படத் தயாரானது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் பாக்கியமா?

"ஓடை தூரம் துவான். ஒரு ஆள் பத்தாது."

எங்கள் லயத்திலிருந்து அன்று லாரியில் ஏற்றியிருந்த அத்தனை பேரும் தண்ணீர் சுமக்க இறங்கினார்கள். இறங்கியவர்களின் பெண்டாட்டிகள் என் காலில் விழ வந்தார்கள். நான் ஓட ஓட விரட்டினேன். ஆனால் அதற்கு முந்தின லாரிகளில் போனவர்களை என்னால் இறக்க முடியவில்லையே. அந்த வீடுகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன்.

அன்றிலிருந்து மணல் அறைக்கு நான் வைத்ததுதான் சட்டம். பௌர்ணமிக்குத்தான் பாட்டிலை எழுப்பலாம் என்றேன். பெரிய விருந்தாளி இல்லாமல் திறந்தால் பக்கத்து பாட்டில்களும் கெட்டுவிடும் என்றேன். செருப்புப் போட்டவர் உள்ளே போனால் அவர்கள் விழித்துக்கொள்வார்கள் என்றேன். ஜப்பான் துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கப்பலில் வேலை செய்த காலத்தில் அவரையும் ஒரு பட்லர் இப்படித்தான் மிரட்டியிருக்க வேண்டும்.

எவ்வளவு இழுத்தாலும் ஒரு நாள் தீரத்தானே வேண்டும்? தீர்ந்தது. காலிப் பாட்டில்களில் பழைய மூடியைச் செருகி, மறுபடி மணலில் படுக்க வைத்தேன். எங்கள் ஆட்கள் வரிசையாக நின்று, வாளி வாளியாக ஓடைத் தண்ணீரைக் காலிப் பாட்டில்களுக்கு ஊற்றினார்கள். கிராணி இருக்கிறாரே, அவர் விவரம் தெரிந்தும் தினமும் வந்து, "அவங்க நல்லா இருக்காங்களா?" என்று சத்தமாக விசாரித்துவிட்டுப் போவார். துரை ஆபீசில் கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த பௌர்ணமிக்கு என்ன சொல்வது என்று நான் தூக்கமில்லாமல் கிடந்தேன். அதற்குள் ஜப்பான்காரர்கள் எங்கள் கெடா மாநிலத்தையே சயாம்காரன் கையில் கொடுத்தார்கள், எங்கள் துரையை வேறு எங்கோ மாற்றினார்கள். ரயில் பாதையும் போட்டு முடிந்துவிட்டது, இனி ஆள் வேண்டாம் என்றார்கள். துரை போகும்போது மணல் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். உள்ளே இருந்தது வெறும் கண்ணாடி.

போர் முடிந்து வெள்ளைக்காரத் துரை திரும்பினார். உடைக்கச் சொன்னதை உடைக்கவில்லை என்று தெரிந்ததும் முறைத்தார். தண்ணீர் சுமந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து, "ஒங்க சிரசு இங்கதான் போச்சு துரை" என்றேன். கிராணி அதை இங்கிலீஷில் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். டவுன் ரெஸ்ட் ஹவுஸில் மதுக்கிடங்குக்கு ஆள் வேண்டும் என்றபோது என்னை நேரில் அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டதும் அவர்தான். இவ்வளவுதான் நான் வேலைக்கு வந்த கதை.

ஓட்டலில் அன்று அந்தப் பிள்ளைகள் புதுப் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்கள். குளிர்ந்த கடலோரத்து ஷிராஸாம். எனக்கு ஒரு கோப்பை நீட்டினார்கள். முகர்ந்தேன். அதே மிளகு. இத்தனை வருஷம் ஊற்றிக் கொடுத்தே காலத்தை ஓட்டியவள், அன்றைக்குத்தான் ஒரு வாய் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் வீட்டுக்காரர் கேக்கை முடித்துவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார்.

"சிரசு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழுக்கை மண்டையைப் பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவு தடவினார்.

"முடிதான் போச்சு. சிரசு அப்படியே இருக்கு."